வெள்ளம் வடிந்த பிறகு: மம்பட்டியைத் தூக்குவதற்கு முன்



மழை விட்ட மறுநாள் காலையில் லயத்தில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். விடிந்ததும் விடியாததுமாக ஆம்பளைகள் மம்பட்டியும் சவளுமாக இறங்கிவிடுவார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காம்பராவுக்குள் போய், நனைந்த பாயையும் அரிசி மூட்டையையும் இஸ்தோப்புக்கு அள்ளிக்கொண்டு வருவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அதனால் அவர்கள் சேற்றில் நிற்பார்கள். "சட்டுபுட்டுன்னு கழுவிட்டோம்னா நாளைக்கு மலைக்குப் போயிறலாம், ஒரு நாள் பேராவது மிஞ்சும்" என்பதுதான் எல்லோருடைய நினைப்பும்.

அந்த நினைப்பில் தப்பில்லை. நாள் சம்பளத்தை நம்பி இருக்கிறவர்களுக்கு வேறு எப்படித்தான் நினைப்பு வரும்? ஆனாலும் வெள்ளம் வந்த ராத்திரியில் தப்பியவர்கள், கழுவுகிற பகலில் அடிபட்டதை நாம் பார்த்திருக்கிறோம். கரண்ட் அடித்தவர்கள் இருக்கிறார்கள். பத்து நாள் கழித்துக் காய்ச்சலில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டைப் பளிச்சென்று கழுவி வைத்துவிட்டு, அதனாலேயே உதவிப் பணத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில், சேறு அள்ளுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும், அள்ளும்போது எதில் கவனம் வேண்டும், யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறோம்.

மலையைப் பார்த்துவிட்டு வீட்டைப் பாருங்கள்

கீழ்நாட்டில் வெள்ளம் என்றால் தண்ணீர் ஏறும், நிற்கும், பிறகு இறங்கும். நம் பக்கத்தில் அப்படியில்லை. கீழே ஓயா பெருகி லயத்துக்குள் வருவதும், லயத்துக்கு மேலே இருக்கிற மலை இளகுவதும் ஒரே மழையில் நடக்கிற காரியம். ஓயாத் தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மலை குடித்த தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. வெயில் அடித்துவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று நினைத்துக் காம்பராவுக்குத் திரும்புகிற நேரத்தில்கூட மண் சரியலாம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர் யாரும் நம்மில் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்தே வந்தன. எனவே காம்பராவுக்குள் கால் வைப்பதற்கு முன்னால், ஒரு பெரியவரும் இரண்டு இளைஞர்களுமாகச் சேர்ந்து, பகல் வெளிச்சத்தில், லயத்தின் பின்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒருவர் தனியாகப் போக வேண்டாம். சரிவுக்கு நேர் கீழே நின்று பார்க்கவும் வேண்டாம், பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

எதைப் பார்ப்பது? நிலத்தில் புது வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நேராக நின்ற சவுக்கு மரமோ, லைட் போஸ்டோ, தேயிலை நிரையோ சாய்ந்திருக்கிறதா? இதுவரை தண்ணீர் வராத இடத்தில் ஊற்று பொங்குகிறதா? எப்போதும் வருகிற பீலித் தண்ணீர் திடீரென நின்றுவிட்டதா, அல்லது கலங்கி மண்ணாக வருகிறதா? சுவரில் கீறல் விழுந்து, நேற்றுவரை சுலபமாகத் திறந்த கதவு இன்று இறுகி நிற்கிறதா? சின்னக் கல் உருண்டு வருகிற சத்தம், வேர் அறுகிற சத்தம் கேட்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் காம்பராவுக்குள் போக வேண்டாம். மற்ற லயத்தாருக்கும் சொல்லி எல்லோரும் விலகி நில்லுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட ஆபீசுக்கும் அறிவியுங்கள். அந்த இடம் இருப்பதற்கு ஏற்றதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரிகள். அவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வாயால் கேட்டுவிட்டு வராமல் எழுத்தில் கொடுங்கள்.

"எங்க தாத்தா காலத்துலேருந்து இந்த லயம் இருக்கு, ஒண்ணும் ஆகல" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். தாத்தா காலத்தில் மேலே இருந்த காடு இப்போது இருக்கிறதா, கான்கள் வெட்டித் துப்புரவாக இருக்கின்றனவா என்று அவர்களிடமே மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

மழை மறுபடியும் வந்தால் எவ்வளவு பெய்கிறது என்று அளப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. தோட்டத்து ஆபீசில் மழைமானி இருக்கும். அது தூரமென்றால், மேலும் கீழும் ஒரே அகலமான ஒரு டின்னை மரமும் கூரையும் இல்லாத வெட்டவெளியில் வையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகிற சின்ன அடிமட்டம் 15 சென்ரிமீற்றர், அதாவது 150 மில்லிமீற்றர். ஒரு நாளில், அதாவது 24 மணி நேரத்தில், டின்னில் அரை அடிமட்டம், 75 மில்லிமீற்றர், நிறைந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் மூட்டையைக் கட்டித் தயாராக இருக்க வேண்டும். அடிமட்டம் முழுக்க, 150 மில்லிமீற்றர், என்றால் யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல் சரிவை விட்டு வெளியேற வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலும் அப்படியே. ராத்திரியில் டின்னைப் பார்க்க ஒருவர் முறை வைத்து முழித்திருப்பது நல்லது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வானொலியில் மண்சரிவு எச்சரிக்கை சொல்லும்போது, சிவப்பு என்றால் வெளியேறு என்று அர்த்தம்.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை போன்ற நீர்த்தேக்கங்களுக்குக் கீழே இருக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழை விட்ட பிறகும் வான்கதவு திறக்கப்படலாம். ஓயாக் கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டும் துணி அலசிக்கொண்டும் இருக்கும்போது சங்கு ஊதினால், சட்டியை விட்டுவிட்டு மேலே ஏறிவிடுங்கள்.

கரண்ட்

லயத்துக் கரண்டைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் பேசுவோம். ஒரு காம்பராவுக்கு எடுத்த இணைப்பிலிருந்து பக்கத்துக் காம்பராவுக்கும், பின்பக்கத்துக் குசினிக்கும், கோழிக்கூட்டுக்கும்கூட வயர் இழுத்திருக்கிறோம். உங்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டதால் உங்கள் சுவரில் கரண்ட் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் ஒரு லயத்தில் எத்தனை இணைப்பு இருக்கிறதோ அத்தனையையும் அணைத்த பிறகுதான் யாரும் உள்ளே போக வேண்டும். சுவிட்ச் இருக்கிற இடத்துக்குத் தண்ணீரில் நின்றுகொண்டோ ஈரக் கையோடோ போக வேண்டாம். அப்படி ஒரு நிலை என்றால் தொடாமல் விட்டுவிட்டு, மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். அறுந்து கிடக்கிற வயரைக் கம்பால் தள்ளி விடுகிற வீரம் நமக்கு வேண்டாம்.

தண்ணீர் ஏறிய பிளக்கை, டீவியை, ரைஸ் குக்கரை வெயிலில் காயவைத்துவிட்டு மறுநாளே போட்டுப் பார்க்கிற பழக்கம் உண்டு. மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே சேறு இருக்கும். தெரிந்த ஒருவர் திறந்து பார்க்கட்டும். கேஸ் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, மணம் வருகிறதா என்று பார்த்த பிறகே நெருப்புக்குச்சியை எடுக்கவும்.

கழுவுவதற்கு முன் பதிவு

இதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தோம்.

நமக்குத் தெரிந்த ஒரு லயத்தில் வெள்ளம் இடுப்பளவு வந்தது. அந்த லயத்து அக்கா ஒருவர் சுத்தபத்தமானவர். மறுநாள் பகல் முழுக்கக் கழுவி, சாணம் தெளித்து, நனைந்த மெத்தையையும் உடைந்த அலுமாரியையும் ஓயாவில் தள்ளிவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பும் பூசிவிட்டார். நான்கு நாள் கழித்துப் பதிவு எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இங்க தண்ணி வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க ஐயா, இந்தா, இம்புட்டு வந்துச்சு."

"சுவர்ல ஒண்ணையும் காணோமே."

பக்கத்துக் காம்பராவில் கழுவச் சோம்பல்பட்டவருக்குப் பதிவு கிடைத்தது. அக்காவின் பெயர் பட்டியலில் ஏற இன்னும் இரண்டு மாதம் அலைய வேண்டியிருந்தது. வந்தவர்கள்மேல் மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும்.

ஆகவே சேற்றை அள்ளுவதற்கு முன், தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் கரியாலோ சோக்காலோ ஒரு கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். இப்போது லயத்துக்கு லயம் கையடக்கத் தொலைபேசி இருக்கிறது. காம்பராவின் நான்கு மூலையையும், கூரையையும், வெடித்த சுவரையும், கெட்டுப்போன ஒவ்வொரு சாமானையும் போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டுக்காரர் ஒருவர் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோவும், லயத்து இலக்கம் தெரிகிற மாதிரி வெளியிலிருந்து ஒரு போட்டோவும் இருக்கட்டும். அதே போட்டோக்களை வேறு ஊரில் இருக்கிற மகனுக்கோ தம்பிக்கோ அனுப்பி வைத்தால், போன் நனைந்தாலும் போட்டோ தப்பும்.

ஒரு அப்பியாசக் கொப்பியில் சாமான் பட்டியலை எழுதுங்கள். "வீட்டுச் சாமான் எல்லாம் போச்சு" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அதற்கு மதிப்பில்லை. அரிசி எத்தனை கிலோ, கோதுமை மா எத்தனை, பாய் தலகாணி எத்தனை, பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து எத்தனை சோடி, கோழி எத்தனை, மரக்கறித் தோட்டம் எவ்வளவு என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். மாடு செத்திருந்தால் அதையும் எழுதி, கால்நடை வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் அறிவித்த பிறகு புதையுங்கள். தூக்கி எறிய வேண்டிய சாமானை லயத்துக்கு வெளியே ஒரே இடத்தில் குவித்து, பதிவு எடுக்கும்வரை வைக்கலாம். ஓயாவில் தள்ளினால் உங்கள் மெத்தை கீழ் டிவிஷனில் பாலத்தை அடைக்கும்.

இந்த வேலைக்கு அரை நாள் போதும். அந்த அரை நாளுக்குள் கிராம உத்தியோகத்தர் வர முடியாமல் போகலாம். பாதை உடைந்திருக்கும், அவருக்கும் பத்துத் தோட்டம் இருக்கும். போட்டோவும் கோடும் கொப்பியும் இருந்தால் அவருக்காகக் காத்திருந்து சேற்றில் படுக்க வேண்டிய அவசியமில்லை. கழுவத் தொடங்கலாம்.

கழுவும்போது

சேற்று வேலைக்குக் கர்ப்பிணிகளையும் சின்னப் பிள்ளைகளையும் விடவே கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்களும் காலில் புண் உள்ளவர்களும் வேறு வேலை பார்க்கட்டும். பூட்ஸ் இருப்பவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் பழைய சப்பாத்தையாவது போட்டு, காலைச் சுற்றிப் பொலித்தீன் கட்டிக்கொள்ளலாம். செருப்பு சேற்றில் நிற்காது. வெறுங்கால் வேண்டவே வேண்டாம், ஆணியும் கண்ணாடித் துண்டும் தகரமும் சேற்றுக்குள் எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெட்டுக் காயம் பட்டால் சுத்தமான தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, அன்றைக்கே மருந்துச்சாலைக்குப் போய் ஏற்பு ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். காப்பித்தூளும் மஞ்சளும் அப்பிக்கொண்டு மூன்றாம் நாள் வீங்கிய பிறகு போவதை நிறுத்துவோம்.

குளிருக்கு என்று சொல்லி ஒரு போத்தலை முடித்துவிட்டுச் சேறு அள்ள இறங்குகிறவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அவர்களுக்குப் பெயர் தேவையில்லை, ஒவ்வொரு லயத்திலும் இரண்டு பேர் இருப்பார்கள். வேலை முடிகிறவரை அவர்களைக் கூரையில் ஏற விடாதீர்கள்.

பாம்பும் நம்மைப் போல மேடு தேடித்தான் வரும். துணி மூட்டைக்குள், விறகுக் குவியலுக்குள், தகரத்துக்கு அடியில் இருக்கும். கையை விடுவதற்கு முன் கம்பால் தட்டிக் கிளறுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். விழுந்த மரத்தை வெட்டுகிறவர்கள் முதலில் குளவிக்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கவும். கொழுந்து மலையில் நமக்கு இருக்கிற அந்தப் பயம் இங்கேயும் இருக்கட்டும்.

உடைந்த கூரைத் தகடு அஸ்பெஸ்டஸ் என்றால் அதை மேலும் உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு தூக்கி ஒதுக்குப்புறமாக வையுங்கள். காய்ந்த தூளைக் கூட்டும்போது வருகிற தூசு நெஞ்சுக்குக் கேடு. உர ஸ்டோரும் மருந்து ஸ்டோரும் வெள்ளத்தில் அகப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்திலிருந்து மிதந்து வந்த கேனையும் சாக்கையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். கழுவித் தண்ணீர் பிடிக்கலாம் என்ற ஆசை வேண்டாம். ஆபீசுக்குச் சொல்லுங்கள்.

சேற்றை அள்ளிய பிறகு, முதலில் சவர்க்காரத் தண்ணீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கக்கூஸ் தண்ணீர் கலந்து வந்த இடம் என்றால் அதற்குப் பிறகு குளோரின் தூள் கலந்த தண்ணீர் போட வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு தூள் போட்டு, தரையிலும் சுவரின் அடியிலும் ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். சேற்றின் மேலேயே குளோரினை ஊற்றுவதால் பிரயோசனம் இல்லை, அழுக்கு அதைத் தின்றுவிடும். கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கக்கூஸ் கழுவுகிற அசிட்டையும் குளோரினையும் ஒன்றாகக் கலந்தால் வருகிற புகை மூச்சை அடைக்கும். இது எச்சரிக்கை.

கழுவிய காம்பரா காய்வதற்கு நம் குளிரில் நாள் எடுக்கும். ராத்திரி பிள்ளைகளுக்குக் குளிருமே என்று ஒரு தகரத்தில் நெருப்புக்கரி போட்டு, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். கரிப்புகையில் மணமும் இல்லாத, கண்ணுக்கும் தெரியாத ஒரு விஷக்காற்று இருக்கிறது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். ஜெனரேட்டரும் அப்படித்தான். நெருப்பை இஸ்தோப்பிலோ வெளியிலோ வைத்துக் குளிர் காய்ந்துவிட்டு, அணைத்துவிட்டுப் படுங்கள்.

தண்ணீரும் சாப்பாடும்

நமது குடிதண்ணீர் மேலே ஊற்றிலிருந்து குழாயில் வருகிறது. குழாய் உடைந்திருக்கலாம், ஊற்றில் மண் விழுந்திருக்கலாம். தெளிவாகத் தெரிந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும், கீழ்நாட்டில்தான் 100 பாகை. ஆகவே முதல் குமிழ் வந்ததும் இறக்காமல், தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு மூன்று நிமிடம் விடுங்கள். தாங்கியையும் கிணற்றையும் துப்புரவாக்கிக் குளோரின் போட்டுத் தருவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

நனைந்த அரிசி, மா, பருப்பு, மருந்து மாத்திரை எல்லாம் கழிவுதான். மனம் கேட்காது, ஆனால் கழிவுதான். தகர டின் உப்பாமல் துருவில்லாமல் இருந்தால் கழுவிவிட்டுத் திறக்கலாம். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. நிவாரணமாகப் பால்மாவும் போத்தலும் வந்தாலும், தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அதைப் பழக்காதீர்கள்.

பத்து நாள் கழித்து வருகிற காய்ச்சல்

எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உடம்புக்குள் போகிறது. அட்டை கடித்த இடம்கூட அதற்குப் போதும், நம் கால்களில் அதற்கா பஞ்சம்? பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல் வரும். தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தொட முடியாத வலி, மூத்திரம் குறைதல், சில பேருக்கு மஞ்சள் நிறம். சேறு கழுவி முடிந்து, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு வருவதால், "மலையில மழையில நனைஞ்ச காய்ச்சல்" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. வைத்தியரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், "வெள்ளச் சேத்துல வேல செஞ்சேனுங்க" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையால் வைத்தியம் மாறும்.

சேற்றில் இறங்குவதற்கு முன் சாப்பிடுகிற தடுப்பு மாத்திரையும் இருக்கிறது. டொக்சிசைக்கிளின் என்று பெயர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் இலவசமாகக் கிடைக்கும். வாரத்துக்கு ஒரு முறை, சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது ஆகாது, எனவே பக்கத்து வீட்டு மாத்திரையைப் பங்கு போடாமல் கேட்டு வாங்குங்கள்.

எந்தக் காய்ச்சலுக்கும் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கடையில் வாங்கிப் போட வேண்டாம். டெங்கு என்றால் அந்த மாத்திரைகள் இரத்தப் போக்கை உண்டாக்கும். தேங்காய்ச் சிரட்டையிலும் உடைந்த வாளியிலும் நிற்கிற தண்ணீரைக் கொட்டிவிடுவது பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை. அவர்களுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.

யாரிடம் போவது?

முதல் ஆள் கிராம உத்தியோகத்தர். அவரிடம் பெயர் ஏறாமல் பிரதேச செயலகத்தில் எதுவும் அசையாது. ஒவ்வொரு அனர்த்தத்துக்கும் உதவித் தொகை வேறு வேறாக அறிவிக்கப்படும். டித்வா புயலுக்குப் பிறகு வீடு துப்புரவு செய்வதற்கென்று 25,000 ரூபாவை அரசாங்கம் அறிவித்தது. இந்த முறை என்ன, எந்தத் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், எந்தப் படிவம் என்று அவரிடமே கேளுங்கள். லயக் காம்பரா தோட்டத்துக் கட்டிடம் என்பதால், கூரையையும் சுவரையும் திருத்துவது பற்றித் தோட்ட நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ஆனால் காம்பரா யாருடையதாக இருந்தாலும் உள்ளே இருந்த சாமான் உங்களுடையது. "லயத்தாளுங்களுக்கு இல்ல" என்று யாராவது சொன்னால், கோபப்படாமல், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தால் இரண்டு குடும்பமும் தனித்தனியாகப் பதிய வேண்டும். மகன் கல்யாணம் முடித்து இஸ்தோப்பை மறைத்துக் குடியிருக்கிறான் என்றால், அவனும் ஒரு குடும்பம். இதை அந்த நேரத்தில் சொல்லக் கூச்சப்பட்டு, பிறகு மாமியாரும் மருமகளும் ஒரு பொதி அரிசிக்குச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறோம்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் கேளுங்கள். 1987ஆம் ஆண்டிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வாசிக்க முடியாத தாளில் கையெழுத்தும் வைக்காதீர்கள், பெருவிரலும் வைக்காதீர்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி அந்த அப்பியாசக் கொப்பிக்குள் வையுங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிசில் முறைப்பாட்டுப் பிரதி எடுத்து, கிராம உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பிக்கலாம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரப் பிரதி பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். நனைந்து ஒட்டிப்போன பத்திரங்களை இழுத்துப் பிரிக்காமல், நிழலில் வைத்துக் காயவிடுங்கள். சேமலாப நிதிப் பத்திரங்களும் கிளினிக் கொப்பியும் அப்படியே.

அவசரத்துக்கு: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. அம்புலன்சுக்குக் காசு இல்லை. கூப்பிடும்போது தோட்டத்துப் பெயரோடு டிவிஷன், லயத்து இலக்கம், பக்கத்துச் சந்தி எல்லாவற்றையும் சொல்லுங்கள். பாதை உடைந்திருந்தால் எந்த இடம்வரை வண்டி வரும் என்று சொல்லி, நோயாளியைக் கதிரையில் வைத்து அங்கே தூக்கிக்கொண்டு போய் நில்லுங்கள். பெண்களுக்குத் தொந்தரவு என்றால் 1938, பிள்ளைகளுக்கு என்றால் 1929. பாடசாலையிலும் கோவில் மண்டபத்திலும் எல்லோரும் ஒன்றாகப் படுத்திருக்கிற நாட்களில் இந்த இரண்டு இலக்கமும் தேவைப்படலாம். வெளிச்சமும் தாழ்ப்பாளும் உள்ள கக்கூஸ் ஒன்று பெண்களுக்குத் தனியாக வேண்டும் என்று மாதர் சங்கம் முதல் நாளே கேட்டு வாங்கட்டும்.

மழைச் சத்தம் கேட்டாலே பிள்ளை அழுகிறது, தாத்தா சாப்பிடாமல் மலையையே பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்றால், அது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச விடுங்கள். இரண்டு, மூன்று வாரத்துக்குப் பிறகும் தூக்கமில்லை என்றால் தோட்டத்து மருந்துச்சாலையில் சொல்லுங்கள், அல்லது 1926க்குப் பேசுங்கள்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து, பொலித்தீன் பையில் போட்டு, கூரைக்குக் கீழே ஆணியில் மாட்டி வைக்கலாம். வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கும் தாத்தாமாருக்கும் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டவும்.